கரையில் சிக்னல் இல்லை: பயிற்சி வீடியோக்களைக் கம்ப்யூட்டரில் சேமிப்பது எப்படி?

#1 பாம்பன்_வாடை
மகளிர் குழு ஒன்றுக்குக் கடல்பாசி வளர்ப்புப் பயிற்சி போடப் போகிறோம். காட்ட வேண்டிய 14 வீடியோ யூடியூபில் இருக்கிறது, கூட்டினால் 6 மணி நேரம் வரும். பயிற்சி நடக்கும் கொட்டகையில் சிக்னல் ஒரு கோடு வந்தாலே பெரிது. அதனால் முன்கூட்டியே லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

லேப்டாப் 4ஆம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. சின்ன புரொஜெக்டர் ஒன்று இருக்கிறது. அது கைவிட்டால் பென்டிரைவில் போட்டு டிவியில் காட்டலாம். நெட் என்றால் போன் ஹாட்ஸ்பாட்தான், நாளுக்கு 1.5 ஜிபி. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரைக்கும். விசைப்படகுகள் இறங்கிவிட்டால் அப்புறம் ஆள் சேராது. எப்படி இறக்குவது, எந்தத் தரத்தில் இறக்குவது?

#2 தங்கச்சிமடம்_77
14 வீடியோதானே அக்கா. லிங்கை ஒட்டினால் இறக்கித் தரும் வெப்சைட் எத்தனையோ இருக்கு. 720 என்று இருக்கும் பட்டனை அமுக்குங்க, வேலை முடிஞ்சது. எதையும் இன்ஸ்டால் பண்ண வேணாம்.

#3 கடைத்தெரு_கீழக்கரை
அந்த வெப்சைட்டுகளை நான் சொல்லவே மாட்டேன். காரணம் சொல்கிறேன். பக்கத்தில் பெரிதாகப் பச்சை நிறத்தில் இருக்கும் ‘டவுன்லோட்’ பெரும்பாலும் விளம்பரம். உண்மையான பட்டன் கீழே சின்னதாக இருக்கும். தவறாக அமுக்கினால் வந்து இறங்குவது வீடியோ இல்லை, ‘.எக்ஸ்இ’ என்று முடியும் புரோகிராம். விண்டோஸ் கோப்பின் வால்பெயரை மறைத்தே காட்டும். ஆகவே ‘வீடியோ.எம்பி4.எக்ஸ்இ’ என்பது உங்கள் கண்ணுக்கு ‘வீடியோ.எம்பி4’ என்றுதான் தெரியும். ஃபைல் எக்ஸ்புளோரரில் ‘வியூ’ மெனுவுக்குள் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்ற கட்டத்தை டிக் செய்து வையுங்கள். இதை எல்லோரும் இன்றே செய்யலாம்.

இன்னொன்று, ‘நோட்டிஃபிகேஷன் அனுப்பட்டுமா’ என்று கேட்கும். ‘அலவ்’ கொடுத்தால் அன்றிலிருந்து திரையின் மூலையில் வைரஸ் எச்சரிக்கை என்ற பெயரில் விளம்பரம் வந்துகொண்டே இருக்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று உள்ளே போய் அந்தப் பெயரை நீக்குங்கள். பிரவுசர் எக்ஸ்டென்ஷனும் இதே கதைதான். ‘எல்லா வெப்சைட்டிலும் உங்கள் தரவைப் படிக்க’ அனுமதி கேட்பது உங்கள் வங்கிப் பக்கத்தையும் சேர்த்துத்தான்.

#4 தொண்டி_கரை
எதை வைத்து இறக்குவது என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: வீடியோ யாருடையது? இதை யாரும் முதலில் கேட்பதில்லை.

யூடியூபின் விதிமுறைப்படி, அவர்களே டவுன்லோட் பட்டன் கொடுத்தால் தவிர, யூடியூபின் அனுமதியும் உரிமையாளரின் அனுமதியும் இல்லாமல் இறக்கக் கூடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் இடம் கொடுக்கிறது. 40 பேரைக் கூட்டித் திரையில் காட்டுவதைச் ‘சொந்த உபயோகம்’ என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். சேனல்காரருக்கு ஒரு மெயில் போடுங்கள்: எந்த வீடியோ, எந்த ஊரில், எத்தனை பேருக்கு, கட்டணம் உண்டா இல்லையா. நான்கு வரி போதும். பாசி வளர்ப்பு வீடியோ போடுகிறவர்களில் பலர் ஆராய்ச்சி நிலையத்தாரும் தொண்டு நிறுவனத்தாரும்தான். நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் போடுகிறார்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளை மண்டபத்திலேயே இருக்கிறது. பாலம் தாண்டினால் நேரில் கேட்கலாம்.

அனுமதி கேட்கும்போதே ஒரிஜினல் கோப்பையும் கேளுங்கள். யூடியூப் ஏற்றும்போது ஒருமுறை நசுக்கிய படத்தைவிட ஒரிஜினல் எப்போதும் தெளிவு. சேனல்காரர் கையில் ஒரிஜினல் இல்லாவிட்டாலும் யூடியூப் ஸ்டுடியோவில் ‘கன்டென்ட்’ போய், வீடியோ பக்கத்து மூன்று புள்ளியை அமுக்கினால் அவருடைய வீடியோவை அவரே எம்பி4 ஆக இறக்கிக்கொள்ள முடியும். சேனல் முழுவதும் வேண்டுமென்றால் கூகுள் டேக்அவுட் (தன் தரவை மொத்தமாக இறக்கிக்கொள்ளும் கூகுள் சேவை).

தேடலில் ‘ஃபில்டர்ஸ்’ திறந்தால் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதில் வருபவை பெயர் குறிப்பிட்டு மறுபடி பயன்படுத்த உரிமையாளரே அனுமதித்தவை.

#5 பாம்பன்_வாடை
நன்றிண்ணே. மெயில் போட்டேன். 8 வீடியோ ஒரே நிறுவனத்துடையது, ஒரிஜினலே தருகிறார்களாம். மீதி 6-ல் நாலு கிரியேட்டிவ் காமன்ஸ், இரண்டுக்கு எழுத்தில் சம்மதம் வந்துவிட்டது. இந்த 6-ஐ இறக்கும் வழி சொல்லுங்கள். போன் யூடியூப் ஆப்பில் ‘டவுன்லோட்’ கொடுத்ததை லேப்டாப்புக்கு மாற்ற முடியாதா?

#6 கடைத்தெரு_கீழக்கரை
முடியாது. ஆப்பில் இறக்குவது ஆப்புக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும், கோப்பாக வெளியே வராது. காசு கட்டி யூடியூப் பிரீமியம் வைத்திருந்தாலும் 30 நாளுக்கு ஒருமுறை நெட்டைக் காட்ட வேண்டும்.

வொய்டி-டிஎல்பி என்ற இலவச மென்பொருள்தான் சரி. 2006இல் தொடங்கிய யூடியூப்-டிஎல் என்ற பழைய மென்பொருளின் கிளை இது, 2021 முதல் வருகிறது. பழையதை நம்பாதீர்கள், வேகம் நத்தை மாதிரி இருக்கும், பாதி நாள் ஓடாது.

வேண்டியவை மூன்று. மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள்:
வொய்டி-டிஎல்பி (மென்பொருள் எழுதுகிறவர்கள் வெளியிடும் கிட்ஹப் தளத்தில் அவர்களுடைய ‘ரிலீசஸ்’ பக்கத்திலிருந்து மட்டும்),
எஃப்எஃப்எம்பெக் (படத்தையும் ஒலியையும் ஒட்டுவதற்கு),
டீனோ (2025 நவம்பரிலிருந்து யூடியூபுக்கு ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் துணை மென்பொருள் தேவைப்படுகிறது, இது இல்லாவிட்டால் சில தரங்கள் பட்டியலில் வராது).

ஃபோல்டர் சி டிரைவில் நேராக இருக்கட்டும், பெயர் ஆங்கிலத்தில் நான்கைந்து எழுத்து. அதைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் சிஎம்டி என்று அடித்து என்டர் தட்டினால் கருப்புத் திரை அந்த இடத்திலேயே திறக்கும்.

கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன், ஆங்கில எழுத்தில் அடியுங்கள். மென்பொருள் பெயர், ஒரு இடைவெளி, ஹைபன், பெரிய எஃப், இடைவெளி, இரட்டை மேற்கோளுக்குள் லிங்க். மேற்கோள் குறி கட்டாயம். லிங்கில் ‘&’ குறி இருந்தால் விண்டோஸ் அதை இன்னொரு கட்டளை என்று எடுத்துக்கொண்டு லிங்கைப் பாதியில் வெட்டிவிடும். ‘லிஸ்ட்=’ என்று லிங்கில் இருந்தால் பிளேலிஸ்ட் முழுவதையும் இறக்கத் தொடங்கிவிடும்; 1.5 ஜிபி அதிலேயே போய்விடும். இரட்டை ஹைபன் போட்டு ‘நோ-பிளேலிஸ்ட்’ சேர்த்தால் அந்த ஒன்றோடு நிற்கும்.

பெரிய எஃப் எதையும் இறக்காது, என்னென்ன தரம் கிடைக்கிறது என்று பட்டியல் மட்டும் போடும். எதைத் தேர்வது என்று மண்டபத்துக்காரர் சொல்லட்டும், அது அவருடைய துறை.

#7 மண்டபம்_முனை
பட்டியலில் 720-க்கு எதிரே மூன்று வரி வரும். 136, 247, 398. மூன்றும் ஒரே படம்தான், சுருக்கிய விதம் வேறு. 136 ஹெச்264. 247 விபி9. 398 ஏவி1. அளவில் சின்னது என்று 398-ஐ எடுத்து மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம்.

ஏன் மாட்டுகிறார்கள்? சுருக்கிய படத்தை விரிக்கத் தனிச் சில்லு வேண்டும். ஏவி1-க்கு அந்தச் சில்லு இன்டெலில் 11ஆம் தலைமுறையில்தான் வந்தது, விபி9 முழுமையாக வந்தது 7இல். உங்களுடையது 4. சில்லு இல்லாவிட்டால் பிராசஸரே மல்லுக்கட்ட வேண்டும். லேப்டாப் சூடேறும், ஃபேன் கத்தும், படம் விக்கும், ஒலி முன்னால் ஓடும். ஹெச்264 மட்டும் உங்கள் லேப்டாப்பிலும், டிவியின் யுஎஸ்பி ஓட்டையிலும், எதிலும் தடங்கலில்லாமல் ஓடும். போட்டுக் காட்டப் போகிற கருவி எதுவோ அதைப் பார்த்துத் தரத்தைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் பெரிய எண் எது என்று பார்த்து அல்ல.

ஒலிக்கு 140 (எம்4ஏ, 128 கேபிபிஎஸ்). 251-ஐ எடுத்தால் ஓபஸ், பல டிவியில் ஊமைப்படமாகிவிடும்.

ஆக, சின்ன எஃப் போட்டு 136+140.

டேட்டா கணக்கு சுலபம்: 1 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடும் வீடியோ மணிக்கு 450 எம்பி. இந்த மாதிரி பயிற்சி வீடியோ 720-இல் ஒலியோடு சேர்த்து 1.3 அளவில் இருக்கும் என்று வைத்தால் மணிக்கு 600 எம்பிக்குள். பெரிய எஃப் பட்டியலிலேயே ஒவ்வொரு வரிக்கும் அளவு போட்டிருக்கும், கூட்டிப் பார்த்துவிட்டு இறக்குங்கள்.

#8 தங்கச்சிமடம்_77
சின்ன புரொஜெக்டருக்கு 480 போதாதா? டேட்டா பாதி மிச்சம்.

#9 மண்டபம்_முனை
பேச்சு மட்டும் உள்ள வீடியோவுக்கு 480 தாராளம், அதை 135+140 என்று எடுங்கள். ஆனால் நாற்று கட்டும் வீடியோவுக்குக் கூடாது.

12-க்கு 12 அடி மூங்கில் மிதவையில் 20 கயிறு. கயிற்றுக்கு 20 நாற்று. ஒரு மிதவைக்கு 400 முடிச்சு. நாற்றுத் துண்டைச் சுற்றி நூல் எந்தப் பக்கமாகப் போய் எங்கே நுழைகிறது, எவ்வளவு தளர்வாக விட்டிருக்கிறது என்பது திரையில் தெரிய வேண்டும். இறுக்கினால் தண்டு அறுந்து போகும், தளர்த்தினால் அலையில் நழுவும். 480-இல் அந்த நூல் படத்தில் இரண்டு புள்ளி அகலம்கூட வராது, பாசியின் நிறத்தோடு கரைந்துவிடும். 720-இல் புள்ளிகள் இரண்டேகால் மடங்கு.

உங்கள் புரொஜெக்டரின் உண்மையான அளவு 800க்கு 480 ஆக இருக்கலாம். அட்டைப்பெட்டியில் 1080 என்று அச்சடித்திருப்பது உள்ளே வாங்கிக்கொள்ளும் அளவு, காட்டும் அளவு அல்ல. அப்படியானால் முழுப் படமாகப் பார்க்கும்போது 720-க்கும் 480-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது என்பது சரிதான். ஆனால் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் டூல்ஸ், எஃபெக்ட்ஸ் அண்ட் ஃபில்டர்ஸ், வீடியோ எஃபெக்ட்ஸ், ஜியோமெட்ரி என்று போய் ‘இன்டராக்டிவ் ஜூம்’ டிக் செய்தால் முடிச்சு இருக்கும் மூலையை மட்டும் திரை நிறையப் பெரிதாக்கலாம். அங்கேதான் 720 கைகொடுக்கும்.

அதே விஎல்சியில் ‘இ’ எழுத்தைத் தட்டினால் படம் ஒவ்வொரு சட்டமாக நகரும், இடது சதுர அடைப்பு ‘[’ வேகத்தைக் குறைக்கும். ‘வியூ’ மெனுவில் ‘அட்வான்ஸ்ட் கன்ட்ரோல்ஸ்’ போட்டால் ஏ-பி என்ற பட்டன் வரும்: முடிச்சு தொடங்கும் இடத்தில் ஒருமுறை, முடியும் இடத்தில் ஒருமுறை அமுக்குங்கள். அந்தப் பத்து விநாடியே சுற்றிச் சுற்றி ஓடும். எல்லோர் கையிலும் கயிறைக் கொடுத்துவிட்டு இதை ஓட விடுங்கள்.

#10 பாம்பன்_வாடை
முதல் வீடியோ வந்தது, ஆனால் ஒலி இல்லை. ஃபோல்டரில் இரண்டு கோப்பு இருக்கிறது, ஒன்றில் எஃப்136, இன்னொன்றில் எஃப்140 என்று பெயரில் வருகிறது. வேறொரு வீடியோவுக்கு ‘எச்டிடிபி 403 ஃபர்பிடன்’ என்கிறது.

#11 கடைத்தெரு_கீழக்கரை
முதலாவது: எஃப்எஃப்எம்பெக் ஜிப் கோப்பை அப்படியே வைத்திருக்கிறீர்கள். ஜிப்பை விரித்து, உள்ளே ‘பின்’ என்ற ஃபோல்டரில் இருக்கும் எஃப்எஃப்எம்பெக், எஃப்எஃப்புரோப் இரண்டையும் வெளியே எடுத்து வொய்டி-டிஎல்பி பக்கத்தில் போடுங்கள். 360-க்கு மேலே யூடியூப் படத்தையும் ஒலியையும் தனித்தனியாகத்தான் தருகிறது, ஒட்ட ஆள் இல்லாவிட்டால் இரண்டாகவே கிடக்கும். இறக்கியதை வீணாக்க வேண்டாம்: எஃப்எஃப்எம்பெக், ஹைபன் ஐ, படக்கோப்பு, ஹைபன் ஐ, ஒலிக்கோப்பு, ஹைபன் சி, காப்பி, கடைசியில் புதுப்பெயர்.எம்பி4. சில விநாடியில் ஒட்டிவிடும். ‘ஹைபன் சி காப்பி’யை விட்டுவிட்டால் முழுப்படத்தையும் திரும்பச் சுருக்கும், ஐ3 ராத்திரி முழுக்க ஓடும்.

இரண்டாவது: 403 என்றால் முதலில் புதுப்பியுங்கள். ஹைபன், பெரிய யு. யூடியூப் உள்ளமைப்பை அடிக்கடி மாற்றும், ஒரு மாதப் பழசுகூட நின்றுவிடும். ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட உள்நுழையுங்கள்’ என்று வந்தால் சில மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி முயலுங்கள். மொபைல் நெட்டில் ஒரே ஐபி முகவரியைப் பலர் பகிர்வதால் உங்கள் தவறு இல்லாமலும் இது வரும். உங்கள் சொந்த கூகுள் கணக்கின் குக்கீயை (உள்நுழைந்த அடையாளத்தை பிரவுசர் சேமித்து வைப்பது) கொடுத்து இறக்கச் சொல்லி எவராவது எழுதியிருந்தால் செய்யாதீர்கள், கணக்கையே முடக்கிவிடும் அபாயம் உண்டு.

6-ஐயும் ஒரே மூச்சில் இறக்க: நோட்பேடில் வரிக்கு ஒரு லிங்க், ஆங்கிலப் பெயரில் சேமியுங்கள். கட்டளையில் ஹைபன், சின்ன ஏ, அந்தக் கோப்பின் பெயர். இப்படிக் கொடுத்தால் மேற்கோள் தொல்லை இல்லை. கூடவே இரட்டை ஹைபன் ‘டவுன்லோட்-ஆர்க்கைவ்’, ஒரு கோப்புப் பெயர். முடிந்ததை அதில் குறித்துக்கொண்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். நடுவில் நெட் போனாலும் ‘.பார்ட்’ என்று முடியும் கோப்பை அழிக்காதீர்கள், அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் மிச்சத்தை மட்டும் இறக்கும்.

நீளமான வீடியோவில் 10 நிமிடம்தான் தேவையென்றால் இரட்டை ஹைபன் ‘டவுன்லோட்-செக்‌ஷன்ஸ்’, மேற்கோளுக்குள் நட்சத்திரக் குறி, 10:15-20:15. வெட்டு சில விநாடி முன்பின் விழும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

#12 சாயல்குடி_லினக்ஸ்
விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: அதில் ஓடும் கடைசி பைதான் (வொய்டி-டிஎல்பி எழுதப்பட்ட மொழி) 3.8. வொய்டி-டிஎல்பி இப்போது 3.10-க்குக் கீழே ஏற்காது. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்வது ஒரு வழி.

லினக்ஸில் ஒரு தமிழ்ச் சிக்கல் உண்டு. தலைப்பு நீளமாக இருந்தால் ‘ஃபைல் நேம் டூ லாங்’ என்று நின்றுவிடும். ஒரு கோப்பின் பெயர் 255 பைட் வரைதான். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட், தமிழுக்கு 3. அதிலும் ‘கோ’ என்பது க-வும் கொம்புக் குறியும் சேர்ந்து இரண்டு, ஆக 6 பைட். ‘க்’ புள்ளியோடு 6. கணக்குப் பார்த்தால் 50, 60 எழுத்தைத் தாண்டினாலே முட்டும். பெயர் வார்ப்பில் (கோப்புக்கு எப்படிப் பெயர் வைப்பது என்று கட்டளையில் சொல்லும் பகுதி) டைட்டிலுக்குப் பக்கத்தில் புள்ளி, 150, பெரிய பி போட்டால் 150 பைட்டோடு வெட்டிக்கொள்ளும். ‘ரெஸ்ட்ரிக்ட்-ஃபைல்நேம்ஸ்’ போடச் சொல்லி ஆங்கிலத் தளங்களில் எழுதியிருப்பார்கள். போடாதீர்கள், தமிழ் எழுத்தெல்லாம் அடிக்கோடாகிவிடும்.

விண்டோஸில் கட்டளையை பேட்ச் கோப்பாக (இரண்டு முறை கிளிக் செய்தால் ஓடும் கட்டளைக் கோப்பு) சேமிப்பவர்கள் வார்ப்பில் ‘%’ வரும் இடத்திலெல்லாம் ‘%%’ என்று இரட்டிக்க வேண்டும்.

#13 தொண்டி_கரை
ஹாட்ஸ்பாட்டில் உட்காரும் முன் விண்டோஸில் அந்த வைஃபையின் ‘புராப்பர்ட்டீஸ்’ திறந்து ‘மீட்டர்ட் கனெக்‌ஷன்’ ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் உங்கள் 1.5 ஜிபியை விண்டோஸ் அப்டேட் தின்றுவிடும். தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் இருந்து இறக்குகிறவர்கள் போனில் டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள். அங்கே இலங்கை டவர் பிடிக்கும்.

#14 பாம்பன்_வாடை
6-ம் வந்துவிட்டது, ஒலி சரி. நிறுவனம் கொடுக்கும் 8 ஒரிஜினலும் போனில் எடுத்த 4கே-வாம். லிங்க் அனுப்பட்டுமா என்கிறார்கள்.

#15 மண்டபம்_முனை
லிங்க் வேண்டாம், 4கே ஒரு வீடியோவே உங்கள் ஒருநாள் டேட்டாவைத் தாண்டும். பென்டிரைவில் வாங்கி வாருங்கள். அந்தப் பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மட் செய்துகொண்டு போங்கள்.

போனில் எடுத்ததென்றால் ஹெச்265 ஆக இருக்கலாம், அதுவும் உங்கள் ஐ3-இல் விக்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘ஃபாஸ்ட் 720பி30’ என்ற பிரிசெட் எடுத்து, 8-ஐயும் வரிசையில் சேர்த்து ராத்திரி ஓட விடுங்கள். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும், ‘ஸ்லீப்’ அணைத்திருக்கட்டும், மெத்தை மேல் வைக்காதீர்கள். எல்லாம் ஹெச்264 எம்பி4 ஆக வெளியே வரும்.

டிவிக்கு எடுத்துப் போகும் பென்டிரைவ் மட்டும் எஃப்ஏடி32 ஆக இருக்கட்டும், பழைய டிவிகள் எக்ஸ்ஃபேடைப் படிக்காது. 720-க்குச் சுருக்கிய பிறகு எந்தக் கோப்பும் 4 ஜிபியை எட்டாது.

#16 கடைத்தெரு_கீழக்கரை
இரண்டு பென்டிரைவில் எடுத்துப் போங்கள். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் மணலும் உப்பும் யுஎஸ்பி வாயில் படியும், முனையில் பச்சை பூத்தால் டிவி ‘யுஎஸ்பி இல்லை’ என்று சொல்லும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் முனையைத் துடைத்து, காய்ந்த பிறகு சொருகுங்கள். பயணத்தில் மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பிடுங்கும் முன் ‘சேஃப்லி ரிமூவ்’.

#17 பாம்பன்_வாடை
டிவியில் சோதித்தேன். எல்லாம் ஓடுகிறது. ஆனால் 10ஆவது வீடியோ 1ஆவதுக்கு அடுத்து வருகிறது.

#18 சாயல்குடி_லினக்ஸ்
டிவி எண்ணைப் பார்ப்பதில்லை அக்கா, முதல் எழுத்தைப் பார்க்கிறது. 1, 2 என்பதை 01, 02 என்று மாற்றுங்கள். அப்படியும் மாறினால் பென்டிரைவைக் காலி செய்துவிட்டு ஒவ்வொன்றாக வரிசைப்படி காப்பி செய்யுங்கள், சில டிவி ஏறிய வரிசையிலேயே காட்டும்.